மறுப்பும் மறைபொருளும்: எச்.டி. – ஃபிராய்டு உரையாடலை முன்வைத்து

முன்னுரை

தமிழில் உளப்பகுப்பாய்வு அணுகுமுறையில் எழுதப்பெற்ற ஆய்வேடுகளைப் புரட்டுவோர் அவற்றின் அமைப்பில் ஓர் ஒற்றுமையைக் காண்பர். முதல் இயலில் ஃபிராய்டின் கொள்கைச் சுருக்கம் இடம்பெறும். நனவு, நனவிலி, ஈடிப்பசுச் சிக்கல், கனவின் வேலைப்பாடு ஆகியவை விளக்கப்பெறும். அடுத்த இயல் தொடங்கி, எடுத்துக்கொண்ட பனுவலின்மேல் அக்கொள்கை பொருத்திக் காட்டப்பெறும். பொருந்தியவை முடிவுகளாகும்; பொருந்தாதவை பெரும்பாலும் பேசப்பெறா. இவ்வகை ஆய்வில் ஆய்வாளர் மருத்துவராகவும் பனுவல் நோயாளியாகவும் அமைந்துவிடுகின்றனர். அந்நோயாளி ஒரு சொல்லேனும் மறுத்துப் பேச இடமில்லாது போவதை நாம் போதிய அளவு கவனித்ததில்லை. இக்கட்டுரையாளரின் முனைவர் பட்ட ஆய்வேடும் இதற்கு விலக்கன்று. அகப்பாடல்களில் வரும் வெறியாட்டு, கட்டுக்காணல் ஆகியவற்றை ஒடுக்கப்பட்ட வேட்கையின் வெளிப்பாடு என்று ஒரே வாய்பாட்டில் அடக்கி இருபது பக்கங்களில் முடித்த இயல் ஒன்று அதில் உண்டு. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் ஒரு வினா எழுப்பினார். இப்பாடலில் யார் யாரிடம் பேசுகிறார் என்பது உமது முடிவை மாற்றுமா என்பதே அது. அன்று அதற்கு விடை கூற இயலவில்லை. இக்கட்டுரை அவ்வினாவிலிருந்தே தொடங்குகிறது.

உளப்பகுப்பாய்வு பிறந்தபோது அது முதன்மையாக ஓர் உரையாடல் முறையாகவே இருந்தது. புரூயரும் ஃபிராய்டும் 1895இல் வெளியிட்ட இசிவுநோய் பற்றிய ஆய்வு நூலில், இம்மருத்துவத்திற்குப் 'பேச்சு மருத்துவம்' என்று முதன்முதலில் பெயரிட்டவர் மருத்துவர் அல்லர், அன்னா ஓ. என்னும் புனைபெயரால் குறிக்கப்பெறும் நோயாளிப் பெண்ணே. அவ்வாறாயின், நோயாளி பேசுவது மட்டுமன்றித் தம்மைப் பற்றிய மருத்துவரின் விளக்கத்தையும் எடைபோட்டு எழுதினால் என்ன நேரும்? அதற்குக் கிடைக்கும் மிகச் சிறந்த சான்று அமெரிக்கக் கவிஞர் எச்.டி. எழுதிய 'ஃபிராய்டுக்கு அஞ்சலி' என்னும் நூலாகும். மெய்யியல், உளப்பகுப்பாய்வு, இலக்கியம், மறைபொருள் ஆகிய நான்கும் ஓர் அறையில், இருவர் பேச்சில் சந்தித்ததன் பதிவு அது. (ஆவிகளோடு பேசுதல், தொலையுணர்வு, குறிகேட்டல், கோள்கணிப்பு முதலிய அனைத்தையும் தழுவும் பொதுச்சொல்லாக 'மறைபொருள்' என்பது ஈண்டு ஆளப்பெறுகிறது.)

ஃபிராய்டின் தயக்கம்

மறைபொருள் குறித்து ஃபிராய்டு ஐயத்திற்கிடமின்றி எதிர்நிலை கொண்டிருந்தார் என்னும் கருத்து நம்மிடையே வேரூன்றியுள்ளது. இதற்கு யுங்கின் தன்வரலாறும் ஒரு காரணம். இருவரும் 1907 மார்ச்சில் வியன்னாவில் முதன்முறை சந்தித்தபோது பதின்மூன்று மணிநேரம் இடைவிடாது பேசியதாக யுங் குறிப்பிடுகிறார். பின்னர்ப் பாலியல் கொள்கையை ஓர் அரணாகக் காக்குமாறு ஃபிராய்டு தம்மிடம் வேண்டினார் என்றும், எதற்கு எதிரான அரண் என்று வினவியபோது மறைபொருளைச் சுட்டினார் என்றும் யுங் எழுதுகிறார். 1909இல் அவர்கள் பேசிக்கொண்டிருக்கையில் புத்தக அலமாரியிலிருந்து வெடிப்பொலி எழுந்ததும், அது மீண்டும் எழும் என்று யுங் முன்னுரைத்ததும் பலரால் சுவைபடக் கூறப்பெறும் நிகழ்ச்சிகள். இவை யுங்கின் முதுமைக்கால நினைவுகள் என்பதை மறத்தலாகாது.

ஃபிராய்டின் எழுத்துகள் வேறொரு சித்திரத்தைத் தருகின்றன. 1911இல் அவர் இலண்டன் உளவியல் ஆய்வுக் கழகத்தின் தொடர்பு உறுப்பினரானார். அக்கழகம் ஆவியுலகச் செய்திகளை ஆராய்வதற்கென்றே தோன்றியது. 1921இல் தொலையுணர்வு பற்றி அவர் எழுதிய கட்டுரை அவர் மறைவுக்குப் பின்னர் 1941இல்தான் அச்சேறியது. கனவும் தொலையுணர்வும் பற்றிய மற்றொரு கட்டுரை 1922இல் வெளிவந்தது. இவற்றுக்கெல்லாம் மேலாக, 1933 என்று ஆண்டிடப்பெற்ற புதிய அறிமுகச் சொற்பொழிவுகளுள் முப்பதாவது முழுமையும் கனவையும் மறைபொருளையும் பற்றியது.

அச்சொற்பொழிவில் வரும் ஒரு நிகழ்ச்சி நம் பொருளுக்கு இன்றியமையாதது. 1919ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் ஃபோர்சைத் என்னும் இலண்டன் மருத்துவர் ஃபிராய்டைக் காண வந்து சென்றார். போருக்குப் பின்னர் வந்த முதல் அயல்நாட்டு விருந்தினர் அவர். சிறிது நேரத்திற்குப் பின் வந்த நோயாளி ஒருவர், தாம் பழகிய பெண் தமக்கு 'ஃபோர்சிஷ்ட்' என்று பட்டப்பெயர் வைத்து அழைப்பதாகப் பேச்சினிடையே கூறினார். ஜெர்மன் மொழியில் அச்சொல் எச்சரிக்கையைக் குறிக்கும். அதன் உறுப்புகளை ஆங்கிலப்படுத்தினால் வந்து சென்றவரின் பெயரோடு ஏறக்குறைய ஒத்தொலிக்கும் சொல் கிடைக்கும். அதே நோயாளி கால்ஸ்வொர்தியின் நாவல்களை ஃபிராய்டுக்கு அறிமுகம் செய்தவர். அவற்றில் வரும் குடும்பத்தின் பெயரும் 'ஃபோர்சைட்' ஆகும். தம் இடத்தை வேறொருவர் பறித்துவிடுவாரோ என்னும் நோயாளியின் பொறாமை இதில் வெளிப்படுகிறது என்பது உளப்பகுப்பாய்வு விளக்கம். ஆனால் வந்தவரின் பெயரை அவர் எவ்வாறு அறிந்தார்? ஃபிராய்டு ஒரு முடிவை அறுதியிட்டுக் கூறவில்லை; துலாக்கோல் எண்ண மாற்றத்தின் பக்கம் சாய்கிறது என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறார். இத்தகைய வெளிப்பாடுகள் இயக்கத்தின் நற்பெயருக்குக் கேடு விளைக்கும் என்று எர்னஸ்ட் ஜோன்ஸ் அஞ்சியதும், தாம் யூதர் என்பதும் புகைபிடிப்பதும் போல இதுவும் தம் சொந்த விவகாரம் என்று சொல்லிவிடுமாறு ஃபிராய்டு அவருக்கு எழுதியதும் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கன.

இந்த நிகழ்ச்சி ஆவியரங்கிலோ கல்லறையிலோ நிகழவில்லை. அது மருத்துவரின் அறையில், இருவர் பேசிக்கொண்டிருக்கும் வேளையில் நிகழ்கிறது. நீண்ட உரையாடலில், ஒருவர் சொல்லாததை மற்றவர் அறிந்துகொள்ளும் கணங்கள் உண்டு. அவற்றுக்குப் பெயரிட முயலும்போதே ஃபிராய்டு மறைபொருளின் வாயிலில் வந்து நிற்கிறார். இந்நூல் அச்சாகி வெளிவந்த சில திங்களில்தான் எச்.டி. அவரிடம் வந்து சேர்ந்தார்.

பனுவலின் இரு முகங்கள்

ஹில்டா டூலிட்டில் என்னும் எச்.டி. 1886இல் பென்சில்வேனியாவின் பெத்லகேமில் பிறந்தவர். தாய்வழி மொராவியக் கிறித்தவ மரபினர். தந்தை வானியல் பேராசிரியர். எஸ்ரா பவுண்டால் படிமவியக் கவிஞராக அறிமுகம் செய்யப்பெற்றவர். முதல் உலகப் போர்க் காலம் அவரை அலைக்கழித்தது. 1915இல் முதற்குழந்தை இறந்தே பிறந்தது, 1918இல் உடன்பிறந்தார் பிரான்சில் போரில் மாண்டார், அடுத்த ஆண்டு தந்தை மறைந்தார், மணவாழ்வும் முறிந்தது. அடுத்த போர் வருமுன் மனத்தைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும் என்னும் எண்ணத்தோடு, தோழியான பிரையரின் பொருளுதவியாலும் ஹான்ஸ் சாக்ஸின் பரிந்துரையாலும் 1933 மார்ச்சில் பெர்க்காசெ 19ஆம் எண் இல்லத்தின் படியேறினார். அப்பொழுது ஃபிராய்டுக்கு எழுபத்தேழாம் அகவை நடந்துகொண்டிருந்தது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அவ்வாண்டு மே 10 அன்று பெர்லினில் எரிக்கப்பெற்ற நூல்களுள் ஃபிராய்டின் நூல்களும் இருந்தன. நடைபாதையில் சுண்ணக்கட்டியால் எழுதிய சுவஸ்திகைக் குறிகள் தம்மை ஃபிராய்டின் வாயில்வரை இட்டுச் சென்றதை எச்.டி. பதிவு செய்கிறார்.

இன்று நாம் படிக்கும் நூலில் இரு பகுதிகள் உள்ளன. 'சுவரில் எழுத்து' என்னும் முதற்பகுதி 1944 இலையுதிர்காலத்தில் இலண்டனில், பழைய குறிப்பேடுகளின் துணையின்றி எழுதப்பெற்று இதழில் தொடராக வந்து 1956இல் நூலாயிற்று. 'வருகை' என்னும் இரண்டாம் பகுதி 1933இன் குறிப்பேடுகளிலிருந்து 1948இல் தொகுக்கப்பெற்று, ஆசிரியர் மறைந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்து 1974இல்தான் நூலோடு சேர்ந்தது. குறிப்பெடுப்பதை ஃபிராய்டு விரும்பவில்லை; அதனால் எச்.டி. இடையில் நிறுத்திவிட்டார். ஆகவே முதற்பகுதியில் உள்ளது நினைவில் எஞ்சிய பேச்சு; இரண்டாம் பகுதியில் உள்ளது தடுக்கப்பட்ட பேச்சு. இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது ஒரே நிகழ்ச்சி இருவேறு ஒலிப்பில் கேட்கிறது.

நூல் காலமுறையில் செல்வதில்லை. முதற்சந்திப்பில் அறைக்குள் நுழைந்த எச்.டி. அங்கிருந்த கிரேக்க, எகிப்தியச் சிற்றுருவங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அறைக்குள் வந்தவர்களில் தம்மைப் பார்க்குமுன் பொருள்களைப் பார்த்தவர் இவர் ஒருவரே என்று ஃபிராய்டு சற்று வருத்தத்தோடு கூறினாராம். அவருடைய நாய் கடிக்கும் என்று எச்சரித்தும் எச்.டி. குனிந்து அதனைத் தடவிக்கொடுத்தார். அது தலையை அவர் கையில் புதைத்தது. இவ்விரு சிறு நிகழ்ச்சிகளும் வெறும் சுவைக்காகச் சொல்லப்பெற்றவையல்ல. பேராசிரியர் எப்பொழுதும் சரியாகவே சொல்வார் என்பதில்லை என்னும் கருத்து நூல் நெடுகிலும் அன்போடு திரும்பத் திரும்ப வருகிறது. அதன் முதல் ஒலிப்பை இங்கேயே கேட்கலாம்.

சுவரும் விளக்கமும்

நூலின் மையம் 1920இல் கோர்பூத் தீவின் விடுதியறையில் எச்.டி. கண்ட காட்சி. மாலை வேளையில் படுக்கைக்கு எதிரே இருந்த சுவரில் ஒளியால் வரைந்தாற்போல் உருவங்கள் ஒவ்வொன்றாகத் தோன்றின. முதலில் தொப்பியணிந்த படைவீரர் அல்லது வானோடி ஒருவரின் தலை, அடுத்து ஒரு கிண்ணம், அதன்பின் சிறு அடுப்பு வைக்கும் தாங்கி போன்றதும் டெல்ஃபிக் கோயிலின் முக்காலியை நினைவூட்டுவதுமான ஓர் உரு, பின்னர் ஏணி, ஏணியில் ஏறும் வெற்றித் தெய்வம். பார்வையின் அழுத்தம் தாங்காமல், தொடரவா நிறுத்தவா என்று அருகிலிருந்த பிரையரை அவர் கேட்டார். தொடருமாறு பிரையர் கூறினார். இறுதியில் எச்.டி. சோர்ந்து கண்ணை மூடியபோது, அதுவரை எதையும் காணாதிருந்த பிரையர் கடைசி உருவத்தைத் தாம் கண்டதாகச் சொன்னார்.

ஃபிராய்டு இதனை எச்.டி.யின் அனுபவங்களுள் அபாயமானதோர் அறிகுறியாகக் கருதினார். தாயோடு ஒன்றிவிடும் வேட்கை இது என்பது அவர் விளக்கம். எச்.டி.யின் தாயின் பெயர் ஹெலன். கிரேக்கரின் தம் நாட்டுப் பெயர் ஹெல்லாஸ். கிரேக்கத்திற்குச் சென்றவர் தாயிடம் சென்றார். இத்துடன், தீர்க்கதரிசியாக வேண்டும் என்னும் மறைந்த ஆசையும் அவரிடம் உண்டு என்பது இன்னொரு விளக்கம். நதிப்படிகளில் இறங்கும் எகிப்திய அரசியை எச்.டி. கனவில் கண்டபோதும், கூடையில் கிடக்கும் குழந்தை நீங்களோ, புதிய சமயம் ஒன்றை நிறுவ விரும்பினீர்களோ என்று ஃபிராய்டு வினவினார். (மோசேயைப் பற்றிய தம் நூலின் முதல் வரைவை 1934இல் எழுதத் தொடங்கியவர் ஃபிராய்டே என்பதை நினைத்தால், கூடைக்குழந்தை யாருடைய கனவில் கிடந்தது என்று கேட்கத் தோன்றுகிறது.)

எச்.டி. என்ன மறுமொழி கூறினார்? இங்கேதான் பனுவலின் தனித்தன்மை உள்ளது. அவர் ஃபிராய்டின் விளக்கத்தை முழுமையாக, திரிபின்றி, அதன் வலிமையெல்லாம் விளங்கும்படி எடுத்துரைக்கிறார். அது தவறு என்று நிறுவ முற்படுவதில்லை. பின்னர், இதனை வேறொரு வகையாகவும் கொள்ளலாம் என்று சொல்லி, இது கலைஞரின் மனம் எல்லை கடந்து விரிந்ததன் விளைவு, நூலிலிருந்து கழன்று சுவரில் வந்து விழுந்த படக்கவிதை என்னும் கருத்தை அதன் பக்கத்தில் வைக்கிறார். இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்று மற்றொன்றை விழுங்குவதில்லை. தங்களுக்கு இடையிலான வழக்கு எலும்புக்குள்ளேயே இருந்தது, அதனை வாய்விட்டு வாதிட வேண்டியதில்லை என்னும் கருத்துப்பட அவர் ஓரிடத்தில் எழுதுகிறார்.

வழக்கின் வேர் மெய்யியல் சார்ந்தது. தம் கண்டுபிடிப்புகள் முதன்மையாக நோய்தீர்க்கும் மருந்தல்ல, ஆழ்ந்த மெய்யியல் ஒன்றின் அடித்தளம் என்றும், இதனை அறிந்தோர் மிகச் சிலர் என்றும் ஃபிராய்டு கூறியதை எச்.டி. பதிவு செய்கிறார். அம்மெய்யியலில் இறப்புக்குப் பின் உயிருக்கு இடமில்லை. பேரக்குழந்தைகளின் எதிர்காலம் என்னாகுமோ என்று ஃபிராய்டு கவலையுற்றபோது, அவருடைய அழிவின்மை குலவழியில் மட்டுமே அமைந்தது என்று உணர்ந்து எச்.டி. திடுக்கிடுகிறார். அவர் ஆன்மா அழியாது என்று நம்பியவர். இந்த வேறுபாடு தீர்க்கப்படக்கூடியதன்று. தீர்க்கப்படாத ஒன்றை வைத்துக்கொண்டு இருவர் திங்கள்கணக்கில் நாள்தோறும் பேச முடிந்தது என்பதே இந்நூல் நமக்குத் தரும் செய்தி.

இதே நூலில் ஃபிராய்டு எச்.டி.யிடம் ஒரு வேண்டுகோள் விடுக்கிறார்: தம்மையோ தம் கொள்கையையோ யாரேனும் இகழ்ந்தால், எச்சூழலிலும் தமக்காக வாதாட வேண்டா என்பது அது. வாதாடினால் எதிரியின் வெறுப்பு இன்னும் ஆழமாக வேர்விடும் என்பது அவர் கூறிய காரணம். கொள்கையைப் பொருத்திக் காட்டியே ஃபிராய்டைக் காத்துவரும் நம் ஆய்வேடுகளை அவர் எவ்வாறு வரவேற்றிருப்பார் என்பது எண்ணத்தக்கது.

முக்காலி

எச்.டி. ஃபிராய்டிடம் செல்லும் வேளைக்கு முந்தைய வேளை வான் டெர் லூ என்னும் டச்சு அறிஞருக்கு உரியது. படிக்கட்டில் இருவரும் எதிர்ப்படுவர். வானூர்தி ஓட்டுபவராதலின் அவருக்குப் 'பறக்கும் டச்சுக்காரர்' என்று பெயர். நூலில் அவர் கல்வியாளராகவே தோன்றுகிறார். அவர் தியாசபிகல் சங்கத்தின் முன்னணிச் சிந்தனையாளர்களுள் ஒருவர் என்பது தமிழ் வாசகர் அறிய வேண்டிய செய்தி. 1882 முதல் சென்னை அடையாற்றில் தலைமையிடம் கொண்ட அச்சங்கத்தில், ஜே. கிருஷ்ணமூர்த்தி 1929இல் விண்மீன் அமைப்பைக் கலைத்த பின்னர் எழுந்த பூசலைப் பற்றி, வெளிப்பாடா தன்னுணர்வா என்று வினவும் சிறுநூலை 1930இல் எழுதியவர் இவரே. மறைபொருள் இயக்கத்தின் உட்பூசலிலிருந்து வந்த ஒருவர் ஃபிராய்டின் சாய்விருக்கையில் கிடந்தார். அவர் எழுந்த இடத்தில் எச்.டி. படுத்தார். 1934இல் அவர் ஆப்பிரிக்காவில் வானூர்தி விழுந்து இறந்தார். துயரம் தெரிவிக்க மீண்டும் வியன்னா வந்த எச்.டி.யிடம், அவருடைய இடத்தை எடுத்துக்கொள்ள வந்திருக்கிறீர்கள் என்று ஃபிராய்டு கூறினாராம். அந்தக் கூற்று விளக்கமா, குற்றச்சாட்டா, ஆசியா? எச்.டி. சொல்வதில்லை.

இனி, இதுவரை போதிய அழுத்தம் பெறாத ஒன்றைச் சுட்ட விரும்புகிறேன். 'சுவரில் எழுத்து' எழுதப்பெற்ற 1944 இலையுதிர்காலத்திற்குள் எச்.டி. இலண்டனில் ஆவியரங்குகளில் ஈடுபட்டிருந்தார். இந்திய வழியினரான ஆர்தர் பாதுரி அவ்வரங்குகளின் ஊடகர். 1940இல் பிரித்தானியப் போர்வானூர்திப் படைக்குத் தலைமை தாங்கியவரும் ஆவியுலக நம்பிக்கையாளருமான ஹியூ டௌடிங்கோடு எச்.டி. கடிதத் தொடர்பு கொண்டிருந்தார். அரங்கில் பயன்பட்டது கவிஞர் வில்லியம் மாரிசுக்கு உரியதாயிருந்த முக்கால் மேசை. இவற்றை எல்லாம் அவர் அக்காலத்திலேயே புனைவாக எழுதினார். 'மேஜிக் ரிங்' என்னும் அந்நூல் 2009இல்தான் அச்சேறியது. ஃபிராய்டு பற்றிய நூலில் ஆவியரங்கு நேரடியாக இடம்பெறவில்லை.

ஆனால் கோர்பூச் சுவரின் முக்காலிக்கு அந்நூலில் தரப்பெறும் இடம் பிற உருவங்களுக்குத் தரப்பெறவில்லை. குறிசொல்லும் பூசாரிப் பெண் அமரும் டெல்ஃபி முக்காலி என்று அதனை விளக்கி, சமயம், கலை, மருத்துவம் என்னும் மூன்றையும் அதன் கால்களோடு எச்.டி. இணைத்துக் காண்கிறார். 1920இல் சுவரில் தோன்றியதை 1944இல் விளக்குகிறவரின் இல்லத்தில் ஒரு முக்காலி இருந்தது. அதேபோல், முதலில் தோன்றிய வானோடியின் தலைக்கு 1944இன் இலண்டனில் என்ன பொருள் இருந்திருக்கும் என்பதையும் சொல்ல வேண்டியதில்லை. ஃபிராய்டு 1939 செப்டம்பர் 23 அன்று இறந்துவிட்டார். இறந்தவரோடு உரையாடலைத் தொடர்கிறது இந்நூல். எழுதும் செயலே அவர் ஏற்காத ஒன்றை அவர்மேல் நிகழ்த்துகிறது. ஆயினும் நூலில் ஃபிராய்டு ஆவியாக வந்து தம் கருத்தை மாற்றிக்கொள்வதில்லை. அவர் ஃபிராய்டாகவே இருக்கிறார். அப்படி மாற்றியெழுத முழுவாய்ப்பும் எச்.டி.க்கு இருந்தது, அவர் மாற்றவில்லை. ஆசிரியரின் நேர்மைக்கு இதைவிட வேறு சான்று வேண்டா.

நோயாளியா, எதிராளியா?

இந்நூல் பற்றிய மேலைத் திறனாய்வு இரு துருவங்களில் நின்றது எனலாம். நார்மன் ஹாலந்து 1973இல் வெளியிட்ட நூலில் எச்.டி.யின் கவிதைகளை இந்த உளப்பகுப்பாய்வுக் குறிப்புகளைக் கொண்டே விளக்கினார்; அங்கே கவிஞர் மீண்டும் சாய்விருக்கைக்கே அனுப்பப்பெறுகிறார். ரேச்சல் பிளா டுபிளெசியும் சூசன் ஸ்டான்ஃபர்டு ஃபிரீட்மனும் 1981இல் எழுதிய பெண்ணியக் கட்டுரை இதனை எச்.டி. ஃபிராய்டோடு நடத்திய வாதமாகக் கண்டது. அவர்கள் பக்கம் வலுவான சான்று உண்டு. எச்.டி. எழுதி, வாழ்நாளில் அச்சிடாது வைத்திருந்த 'ஆசான்' என்னும் கவிதை அவ்வாண்டுதான் முதன்முதலாக வெளிவந்தது. பெண்ணைக் குறையுடையவளாகக் காணும் ஃபிராய்டின் கருத்தின்மேல் எழுந்த சினம் அதில் மறைப்பின்றி வெளிப்படுகிறது. ஃபிராய்டு தமக்கு மிக விருப்பமான வெண்கல அதீனா உருவை எச்.டி.யின் கையில் தந்து, இவள் நிறைவானவள், ஈட்டியை மட்டும் இழந்துவிட்டாள் என்று கூறிய இடத்தை இப்பின்னணியில் படிக்கும்போது அச்சொற்களின் முனை நன்றாகவே குத்துகிறது.

ஆயினும் வாதம் என்னும் உருவகத்தை முழுமையாக ஏற்பதில் இக்கட்டுரையாளருக்குத் தயக்கம் உண்டு. வாதத்தில் வெற்றி தோல்வி உண்டு. நூலிலோ அது தேடப்படவே இல்லை. சினம் கவிதைக்குச் சென்றது, ஆவியரங்கு புனைவுக்குச் சென்றது, ஃபிராய்டோடு பேசக்கூடியது மட்டும் இந்நூலில் தங்கியது. எதை யாரிடம் பேசலாம் என்னும் தெரிவே இந்நூலை வடிவமைத்துள்ளது.

தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் முப்பத்துநான்கு உறுப்புகளுள் கூற்று, கேட்போர், எச்சம், முன்னம் ஆகியவை அமைந்திருப்பதை நாம் அறிவோம். இவ்விடத்தில் இவர் இன்னாரிடம் இதனைக் கூறுவதே தகும் என்று உய்த்துணரச் செய்வது முன்னம்; சொல்லாது விட்டுக் கேட்போரை நிரப்பச் செய்வது எச்சம். நம் இலக்கணம் செய்யுளின் பொருளைச் சொல்பவரின் உள்ளத்தில் மட்டும் தேடவில்லை; கேட்பவரையும் செய்யுளின் உறுப்பாக்கியது. எச்.டி.யின் நூலுக்கு அயல்மொழித் திறனாய்வு தந்த கருவிகளைவிட இவ்வுறுப்புகள் நுட்பமாகப் பொருந்துகின்றன என்று கூறுவது பெருமை பேசுவதன்று. ஆவியரங்கு இந்நூலின் எச்சம். ஃபிராய்டு இறந்த பின்னரும் அவரே கேட்போர்.

கேட்போர் பொறுமையும் நகையும் உடையவராக இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஃபிராய்டு 1938இல் இலண்டனுக்குப் புலம்பெயர்ந்தார்; அவருடைய சிற்றுருவங்களும் வந்து சேர்ந்தன. அவர் விரும்பும் கார்டீனியா மலர்களை வியன்னாவில் தேடிக் கிடைக்காது சோர்ந்திருந்த எச்.டி., அவ்வாண்டு நவம்பரில் அம்மலர்களை அனுப்பி, கடவுளரின் வருகையை வாழ்த்துவதாகப் பெயரிடாத சீட்டொன்றை வைத்தார். கடவுளர் என்பதற்கும் சரக்கு என்பதற்கும் ஆங்கிலத்தில் ஓர் எழுத்தே வேறுபாடு. மற்றவர்கள் அதனைச் சரக்கின் வருகை என்று படித்ததாக ஃபிராய்டு மறுமொழி எழுதினார். நம்புகிறவரும் நம்பாதவரும் அந்த ஓரெழுத்தின் இருபுறமும் நின்று சிரித்துக்கொள்ள முடிந்திருக்கிறது.

மேசைமேல் திருமால்

இந்த உரையாடலில் நம் நாட்டுக்கும் ஓர் ஓரம் உண்டு. ஃபிராய்டின் மேசைமேல் தந்தத்தாலான திருமால் உருவம் ஒன்று இருந்தது. பாம்பின் படங்கள் தலைமேல் கவிந்த கோலம். 1922இல் கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் நிறுவிய இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகம் ஃபிராய்டின் எழுபத்தைந்தாம் பிறந்தநாளுக்காக 1931இல் அனுப்பியது அது. எச்.டி.க்கு அவ்வுருவின்மேல் ஈர்ப்பும் ஒவ்வாமையும் ஒருங்கே எழுந்தன. இந்திய மாணவர்கள் அனுப்பியது என்று கூறிய ஃபிராய்டு, அம்மாணவர்கள் தம் போதனைக்கு நிறைவளிக்கும் வகையில் எதிர்வினை ஆற்றவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். அரவணைக் குடைக்கீழ் அமர்ந்த கோலத்தை ஆழ்வார் பாசுரங்களில் பழகிய நமக்கு அந்த ஒவ்வாமை வியப்பளிக்கலாம். ஃபிராய்டின் குறை அதைவிட முக்கியமானது. போஸ் 1929இல் எழுதிய கடிதத்தில், காயடிப்பச்சம் இந்திய நோயாளிகளிடம் ஐரோப்பியரிடம் காணும் அளவுக்குத் தோன்றுவதில்லை என்று தம் மருத்துவ அனுபவத்தைக் கொண்டு மறுத்திருந்தார். நிறைவளிக்காத எதிர்வினை என்பது பெரும்பாலும் மறுப்பின் மறுபெயர். எச்.டி. தம் மறுப்பை நூலாக்கினார். போஸ் கடிதத்தில் வைத்தார். அவருக்குப் பின்வந்த நாம், தமிழ்த்துறைகளில் இருப்போர் உட்பட, மறுப்பை விட்டுவிட்டுக் கொள்கைச் சுருக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

புறத்தேர்வாளரின் வினாவுக்கு இனி விடை கூற முயலலாம். ஔவையார் பாடிய குறுந்தொகை 23ஆம் பாடலை எடுத்துக்கொள்வோம். தலைவியின் மெலிவுக்குக் காரணம் அறிய அழைக்கப்பெற்ற கட்டுவிச்சி, முறத்தில் நெல்லிட்டுக் குறிபார்ப்பவள், தெய்வங்களையும் மலைகளையும் பாடுகிறாள். தோழி குறுக்கிட்டு, அவனுடைய நல்ல நெடிய குன்றத்தைப் பாடிய பாட்டை இன்னும் பாடுமாறு வேண்டுகிறாள். ஒடுக்கப்பட்ட வேட்கை என்று முன்பு இதனை எழுதினேன். இங்கு வேட்கை எதுவும் ஒடுக்கப்படவில்லை. தலைவிக்கும் தோழிக்கும் காரணம் நன்கு தெரியும். தோழி குறியை நம்புகிறாளா என்று பாடல் கூறவில்லை. அதனைப் பழிக்கவும் இல்லை. குறிசொல்பவளின் வாயில் தற்செயலாக வந்த ஒரு மலையைப் பற்றிக்கொண்டு, சொல்ல முடியாததைச் சொல்லவைக்கிறாள். விளித்தது கட்டுவிச்சியை, கேட்க வேண்டியவள் அருகிலிருக்கும் செவிலி. பாடலில் கட்டுவிச்சியின் மறுமொழி இல்லை.